சுறாப் புட்டு கொடுக்கலாமா?

கேள்வி: மகளுக்குப் பிரசவமாகி மூன்று வாரம் ஆகிறது. பால் ஊறட்டும் என்று சுறாப் புட்டு செய்து கொடுக்கிறேன். கடல் மீனில் பாதரசம் இருக்கிறதாம், மீனே வேண்டாம் என்கிறார் மாப்பிள்ளை. மஞ்சள் போட்டு வேகவைத்து, தோலை உரித்து, தண்ணீரைப் பிழிந்துவிட்டுத்தானே செய்கிறோம்?
– ஒரு வாசகி, நாகப்பட்டினம்

பதில்: மீனை நிறுத்தாதீர்கள் அம்மா. சுறாவை மட்டும் நிறுத்துங்கள்.

பல வருஷம் ஆய்வுக்கூடத்தில் மீனில் பாதரசம் அளந்தவள் நான். அரை கிராம் சதையை நைட்ரிக் அமிலத்தில் போட்டுச் சூடாக்கினால் பழுப்புப் புகை கிளம்பும். கடைசியில் தெளிந்த நீர்தான் மிஞ்சும். அவ்வளவு கரைத்த பிறகுதான் பாதரசம் சதையைவிட்டுப் பிரியும். மீனில் இருப்பது பெரும்பாலும் மெத்தில் பாதரசம் என்ற வடிவம்; அது சதையின் புரதத்தோடு பிணைந்து கிடப்பது. வேகவைத்தாலும் பிழிந்தாலும் போகாது.

நிலக்கரிப் புகையில் கிளம்பும் பாதரசம் கடலில் விழுகிறது. நுண்ணுயிரிகள் அதை மெத்தில் பாதரசமாக்குகின்றன. மிதவை உயிரிகளைச் சின்ன மீன் தின்ன, சின்ன மீனைப் பெரிய மீன் தின்ன, ஏறிக்கொண்டே போகும். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் பட்டியலில் சுறாவின் சராசரி கிலோவுக்கு 0.979 மில்லிகிராம், மத்தி வகைக்கு வெறும் 0.013. பால்சுறா சின்னதுதானே என்பீர்கள். அதுவும் மற்ற மீன்களை வேட்டையாடித்தானே வளர்கிறது! பெரிய வஞ்சிரமும் அப்படித்தான். எப்போதாவது ஒரு துண்டு போதும்.

இதுவரை கொடுத்ததை நினைத்துப் பதறாதீர்கள். வயிற்றில் இருக்கும்போது நஞ்சுக்கொடி வழியாகப் போவதைவிடத் தாய்ப்பாலில் போவது குறைவு. பாலை ஒரு வேளைகூட நிறுத்த வேண்டாம். உடம்பில் சேர்ந்தது பாதியாகக் குறைய ஏறக்குறைய 50 நாள் ஆகும் என்பதால், அடுத்த பிள்ளைக்கு எண்ணும்போது சில மாதம் முன்பே சுறாவை விட்டுவிடச் சொல்லுங்கள். ஜப்பானின் மினமாட்டாவில் பாதரசம் ஏறிய மீனைத் தின்றதால் வந்து, 1956-இல் வெளிவந்த நோயில், பெரிய பாதிப்பில்லாத தாய்மார்களுக்குக்கூட மூளை பாதித்த குழந்தைகள் பிறந்தார்கள். ஆலையின் பாதரசக் கழிவு கலந்த கடல் அது, நம் நிலை வேறு. ஆனாலும் கருவுக்குத்தான் ஆபத்து அதிகம் என்று உலகம் கற்றது அங்கேதான்.

பால் ஊறுவது பிள்ளை சப்பச் சப்பத்தான். புட்டுதான் வேண்டுமென்றால் அதே பூண்டு, சின்ன வெங்காயம் போட்டு மடவையில் செய்யுங்கள், முள்ளைப் பார்த்து எடுத்துவிட்டு. மத்திக் குழம்பு, நெத்திலி அவியல் எல்லாம் தாராளமாகக் கொடுக்கலாம். பிள்ளையின் மூளைக்கு வேண்டிய கொழுப்பு மத்தியில் நிறைய இருக்கிறது. மாப்பிள்ளையிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

கணவாய் வாங்கினால் மைப்பையோடு குடலையும் ஈரலையும் சுத்தமாக எடுத்துவிடுங்கள். காட்மியம் என்ற இன்னொரு நச்சு உலோகம் அதிகம் சேர்வது ஈரலில். சதையோடு பிணைந்த பாதரசம்போல இல்லாமல், ஈரலை வெட்டி எறிய முடியும்.