மெக்கானிக்கல் முடித்தவர் எம்எஸ் படிக்க இங்கிலாந்து போகலாமா, ஜெர்மனியா?

பெரிய கடன் வாங்க முடியாது என்கிறீர்கள், அப்படியென்றால் ஜெர்மனிதான். பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் கிடையாது. ஆனால் ஸ்டுட்கார்ட், கார்ல்ஸ்ரூ இருக்கும் பாடன்-வூர்ட்டம்பேர்க் மாநிலம் 2017 முதல் நம்மைப் போன்ற வெளிநாட்டவரிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது, மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024இல் கட்டணம் கொண்டுவந்துவிட்டது.

அதற்காக இலவசம் என்று நினைத்துக் கிளம்பிவிடாதீர்கள். விசாவுக்கு ஒரு வருடச் செலவை, 2024 கணக்குப்படி 11,904 யூரோ, பிளாக்டு அக்கவுண்டில் முன்பே போட்டுக் காட்ட வேண்டும் (உங்கள் பணம்தான், அங்கே போனதும் மாதம் 992 யூரோவாகக் கைக்கு வரும்). ஏபிஎஸ் சான்றிதழும் (நம் இந்தியப் படிப்புச் சான்றிதழ்கள் உண்மையானவை என்று சரிபார்த்துத் தருவது) கட்டாயம், சீக்கிரம் விண்ணப்பியுங்கள்.

இங்கிலாந்தில் ஒரே வருடத்தில் முடித்துவிடலாம், சரி, ஆனால் கட்டணம் முழுதும் உங்கள் தலையில்.

அப்புறம், ஜெர்மனியில் பாடம் ஆங்கிலத்தில் இருந்தாலும் ஜெர்மன் படித்தே ஆக வேண்டும். படிப்பு முடிந்தபின் வேலை தேட 18 மாதம் தருகிறார்கள், அந்த மொழி வராமல் மெக்கானிக்கல் வேலை கிடைப்பது ரொம்பக் கஷ்டம்.