ஆல்பத்தில் இருக்கும் பெயர் தெரியாதவர்களை எறிந்துவிடலாமா?

அப்பாவின் ஆல்பத்தில் பாதிப் பேர் யாரென்றே தெரியவில்லை, வீட்டில் இடமும் இல்லை, எறிந்தால் தப்பா என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் வீட்டிலும் இதே பேச்சு ஓடியது. ஆரம்பித்தவன் என் தம்பி. "யாருன்னே தெரியாதவங்க படத்த வச்சு என்ன பூசையா பண்ணப் போற?" என்றான். இந்தப் பதிலில் சூடு ஏதாவது தெரிந்தால் அது உங்கள் மேல் இல்லை, அவன் மேல்.

எறியாதீர்கள். நீங்களும் சொந்தக்காரர்களை மட்டும் கேட்டுவிட்டு ஓய்ந்திருப்பீர்கள் என்றுதான் நினைக்கிறேன். எல்லோரும் அதைத்தான் செய்கிறோம்.

எங்களுக்குத் திருநெல்வேலிப் பக்கம். அப்பா அறுபதுகளின் கடைசியில் பம்பாய்க்கு வந்து தாராவியில் தோல் பதனிடும் கம்பெனி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தவர். அம்மா கல்யாணமாகி இங்கே வந்தது வெகுநாள் கழித்து. அதனால் ஆல்பத்தின் முன்பாதியில் யாரைக் காட்டினாலும் அம்மாவிடம் ஒரே பதில்தான்: "உங்க அப்பா கூட்டாளியா இருக்கும்."

அதில் ஒருவர் மட்டும் திரும்பத் திரும்ப வருகிறார். ஏறு நெற்றி, காது மடலில் முடி, முழங்கால் மேல் விரித்து வைத்த கை. எப்போதும் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் நிற்கும் இளவட்டம்தான் படத்துக்குப் படம் மாறும். ஒன்றில் நிற்பது அப்பா. மீசை அப்போதுதான் அரும்பியிருக்கிறது.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். தாத்தாவுக்குத் தம்பி என்றார் ஒருவர். உடனே நாலு பேர் கும்பிடு போட்டார்கள். ஊரிலிருந்து அத்தை போன் பண்ணி, "ஏ பிள்ள, அது எங்க வீட்டுக்காரருக்குப் பெரியப்பா மகன்லா. எங்க மாமியா வீட்டுச் சுவத்துல மாட்டிக் கெடந்துச்சே" என்று அடித்துச் சொன்னார். தாத்தாவுக்குத் தம்பியே கிடையாது என்பது தனிக்கதை. குழுவில் மட்டும் போடாதீர்கள். முதலில் ஒருவர் எதையாவது சொல்லிவிட்டால் மற்றவர்களுக்கும் அதுவே ஞாபகம் வந்துவிடும். ஆள் ஆளாகத் தனியே கேளுங்கள்.

அப்புறம் படத்தையே பார்க்க ஆரம்பித்தேன். பின்பக்கம் ஸ்டுடியோவின் ரப்பர் ஸ்டாம்ப். முகவரி ஆங்கிலத்தில் 'பம்பாய்-17' என்று முடிகிறது. ஆறு இலக்க பின்கோடு வந்தது 1972 ஆகஸ்ட் 15இல்தான். அதற்கு முந்தைய அஞ்சல் வட்டார எண்ணான 17தான் இன்றைக்குத் தாராவியின் பின்கோடான 400017இன் வாலில் இருக்கிறது. ஸ்டுடியோக்காரர் பழைய ஸ்டாம்பை மறுநாளே மாற்றியிருக்க மாட்டார் என்பதால் இதை வைத்து வருஷத்தைச் சத்தியம் பண்ண முடியாது. ஆனால் ஊரில் எடுத்த படம் இல்லை, தாராவிப் பக்கம் எடுத்தது என்பது உறுதியாகிவிட்டது.

அடுத்தது கோட்டு. நிற்கிற பையன்கள் எல்லோரும் கோட்டு போட்டிருக்கிறார்கள், எல்லாம் ஒரே கோட்டு! மேலிருந்து மூன்றாவது பொத்தான் மட்டும் வேறு, மற்றதைவிடப் பெரிசு, வெளிர் நிறம். ஒருவனுக்குக் கை விரல் நுனி வரை மூடுகிறது, இன்னொருவனுக்கு மணிக்கட்டுக்கு மேலேயே நின்றுவிடுகிறது. அப்பாவுக்குத் தோள் இரண்டும் தொங்குகிறது. ஸ்டுடியோக்காரர் மாட்டிவிடும் கோட்டு. கோட்டையும் கைக்கடிகாரத்தையும் பார்த்து வசதியான குடும்பம் என்று கதை கட்டுபவர்கள் கவனிக்கவும்.

கடைசியில் விஷயம் கிடைத்தது சொந்தத்தில் இல்லை. மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் இட்லி வியாபாரம் பண்ணி ஓய்ந்த பெரியவர் ஒருவர் இருக்கிறார், எங்கள் ஊர்க்காரர், எங்களுக்கு எந்த உறவும் இல்லை. அவரும் அப்பாவும் எங்கள் ஊர்ப் பொங்கல் வீட்டில் ஒன்றாகத் தங்கியவர்கள். பொங்கல் வீடு என்றால், குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டோ கல்யாணம் ஆகாமலோ வந்த ஆண்கள் ஊர்வாரியாகச் சேர்ந்து பொங்கித் தின்று தங்கும் இடம். தாராவியில் அப்போது திருநெல்வேலிக்காரர்களுக்கு அதுதான் முதல் வாசல்.

பெரியவர் படத்தை வாங்கியதும் முகத்தைப் பார்க்கவில்லை. "இந்தக் கோட்ட நானும் போட்டுருக்கேன்" என்று சிரித்தார். அப்புறம்தான் நாற்காலிக்காரரிடம் வந்தார். "இது மணியார்டர் அண்ணாச்சில்லா."

வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த மூத்தவர் அவர்தானாம். சம்பள நாளில் எல்லோருடைய பணத்துக்கும் மணியார்டர் பாரம் எழுதிக் கொடுப்பது, ஊர்க் கடிதத்தை வாசித்துக் காட்டுவது, பதில் எழுதுவது எல்லாம் அவர் வேலை. புதிதாக வந்த பையன் முதல் சம்பளம் வாங்கியதும் அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு படம் எடுத்து ஊருக்கு அனுப்ப வேண்டும், அது அந்த வீட்டு வழக்கம். பையன் கெட்டுப்போகவில்லை, பெரிய ஆள் ஒருத்தர் கண்காணிப்பில் இருக்கிறான் என்று பெற்றவர்களுக்குத் தெரிய வேண்டுமே. ஒரு பிரதி ஊருக்கு, இன்னொன்று பையனின் பெட்டிக்கு. மற்றப் பையன்களும் ஆளுக்கொன்று அப்பாவிடம் கொடுத்திருப்பார்கள் போல.

அத்தையின் மாமியார் வீட்டுச் சுவரிலும் இதனால்தான் அவர் இருந்திருக்கிறார். அந்த வீட்டுப் பையன் ஒருவனும் அதே பொங்கல் வீட்டில் தங்கியிருந்தான் என்று பெரியவரே சொன்னார். அத்தை பார்த்தது அதே முகத்தைத்தான். எங்கள் ஊரில் இன்னும் எத்தனை வீட்டில் இவர் யாருக்குப் பெரியப்பாவாக இருக்கிறாரோ!

பெயர் மட்டும் பெரியவருக்கும் தெரியவில்லை. "அண்ணாச்சிகிட்ட போய் யாராவது பேரு கேப்பாங்களா?" என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

எல்லார் அப்பாவும் பொங்கல் வீட்டில் இருந்தாரா என்று கேட்பீர்கள். இல்லைதான். ஆனால் மெஸ், ரயில்வே குவார்ட்டர்ஸ், மில் வரிசை வீடு, ஹாஸ்டல் என்று எங்கேயாவது இருந்திருப்பார். அங்கே கூட இருந்தவர்களைத் தேடுங்கள். முகமும் பெயரும் ஒன்றாக இருக்கும் தாள்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். மும்பைக் குடிசைப் பகுதிக்காரர் என்றால் 1976 குடிசைக் கணக்கெடுப்பை ஒட்டி அரசு கொடுத்த போட்டோ பாஸ் என்ற படம் ஒட்டிய அட்டை பல வீடுகளில் இன்னும் பத்திரமாக இருக்கும், வீட்டுக்கு அதுதானே ஆதாரம். ஆல்பத்தில் இருந்த இன்னொரு ஆளை, எங்கள் பழைய பக்கத்து வீட்டுக்காரரை, நான் அப்படித்தான் பிடித்தேன்.

படங்கள் ஒட்டிக்கொண்டிருந்தால் பிய்க்காதீர்கள். 2005 ஜூலை 26 மழையில், சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் கொட்டியதே, அன்றைக்கு எங்கள் டிரங்குப் பெட்டிக்குள்ளும் தண்ணீர் புகுந்தது. படத்தின் மேல்பூச்சு ஜெலட்டின். நனைந்து காய்ந்தால் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும். கருப்பு வெள்ளைப் படங்களைச் சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் ஊறவிட்டால் பல தானாகவே பிரியும், எல்லாம் பிரியாது. கண்ணாடியோடு ஒட்டியதைத் தொடாமல், கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் பண்ணிவிடுங்கள். பின்னால் எழுத மெத்தென்ற பென்சில் போதும். பால்பாயிண்ட் பேனா முன்பக்கம் வரை பள்ளம் விழவைக்கும்.

கேள்விக்குச் சம்பந்தம் இல்லாத ஒன்று, இருந்தாலும் சொல்கிறேன். எங்கள் சந்துக்குள் வெளிநாட்டுக்காரர்களைக் கூட்டம் கூட்டமாகச் சுற்றிக் காட்டக் கூட்டி வருகிறார்கள். படம் எடுக்காதீர்கள் என்று சொல்லியே கூட்டி வருபவர்களும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் தனியாகக் கேமராவோடு வருகிறவர்கள் இருக்கிறார்களே, நான் குழாயடியில் குடம் நிரப்பும்போது முகத்துக்கு நேராக நீட்டி எடுத்துவிட்டு ஒரு சிரிப்போடு போய்விடுகிறார்கள். பெயர் கேட்பதில்லை. கேட்டால் என்ன குறைந்துபோகும்? அப்பாவாவது படத்தில் இருந்த ஆளோடு ஒரே பானையில் சாப்பிட்டார்.

சரி, விட்டுவிடுகிறேன். யாரென்று பிடிபடாத படங்கள் எங்களிடம் இன்னும் இருக்கின்றன. ஸ்டுடியோ வாரியாக உறைகளில் போட்டு, உறைமேல் 'பம்பாய்-17, கோட்டு' என்கிற மாதிரி எழுதி வைத்திருக்கிறேன். ஷூ டப்பாவில் பாதிகூட வராது, ஆகவே இடமில்லை என்ற பேச்சைத் தம்பி இனி எடுக்க முடியாது. திருநெல்வேலிப் பக்கத்து வீட்டு ஆல்பம் உங்களிடம் இருந்தால், மூன்றாவது பொத்தான் மட்டும் வெளிறிப் பெரிசாக இருக்கும் கோட்டு எதிலாவது தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் கீழே கருத்தில் எழுதுங்கள். அண்ணாச்சியின் பெயர் அந்த வீட்டில் யாருக்காவது தெரிந்திருக்கலாம்.