வாலிபர் ஐக்கியத்தில் கோலாட்ட மாலை நடத்தலாமா?

கேள்வி: குடியாத்தம் அருகே ஒரு திருச்சபையில் வாலிபர் ஐக்கியச் செயலாளராக இருக்கிறேன். எங்கள் கூட்டங்களில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். பேச்செல்லாம் கைப்பேசியில், மறைவாகத்தான். எல்லாரும் பார்க்க நல்ல முறையில் பழக, நாட்டுப்புற ஆட்ட மாலை ஒன்று நடத்த விரும்புகிறேன். “சபையில் ஆட்டமா?” என்று பெரியவர்கள் தயங்குகிறார்கள்.

பதில்: சகோதரரே, உங்கள் எண்ணம் நல்லது. பெரியவர்களின் தயக்கத்தை எதிர்ப்பாக எண்ணாதீர்கள். வட ஆர்க்காட்டுச் சிற்றூர்களில் விடிய விடியத் தெருக்கூத்துப் பார்த்து வளர்ந்த அவர்களுக்கு ஆட்டம் புதிதல்ல. அது சினிமாப் பாட்டுக்கு ஆடுவதாக முடியுமோ என்பதே அவர்களுடைய அச்சமாக இருக்கும். 149, 150ஆம் சங்கீதங்கள் நடனத்தோடு துதிக்கச் சொல்வதையும், தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) ஆட்டமும் பாட்டும் கலந்த குறவஞ்சி நாடக வடிவத்திலேயே ‘பெத்லகேம் குறவஞ்சி’யை இயற்றியதையும் ஆயரிடமும் சபைக் குழுவிடமும் எடுத்துச் சொல்லி, பாடல் பட்டியலை முன்கூட்டியே காட்டி அனுமதி பெறுங்கள். கும்மி கற்றுத்தரப் பெண்கள் ஐக்கியத்து அம்மாக்களையே அழையுங்கள். அவர்கள் களத்தில் இருந்தால் பாதித் தயக்கம் அன்றே தீரும்.

முதன்மை ஆட்டமாகக் கோலாட்டத்தையே வையுங்கள் என்பது என் உறுதியான கருத்து. அதில் கை கோக்க வேண்டியதில்லை. இருவருக்கும் நடுவே கோல் இருக்கிறது. ஆனால் எதிரில் நிற்பவரை நிமிர்ந்து பார்க்காமல் அடித்தால் விரலில் படும் என்பதால், கூச்சத்தில் தலை குனிந்தே நிற்பவரும் முகம் பார்த்துத்தான் ஆக வேண்டும். உள்வட்டத்தில் 12 பேர், வெளிவட்டத்தில் 12 பேர் என நிறுத்தி, பாட்டின் ஒவ்வோர் அடி முடிவிலும் வெளிவட்டத்தார் ஓர் இடம் வலப்பக்கம் நகர்ந்தால், பன்னிரண்டு அடிகளுக்குள் உள்வட்டத்தார் ஒவ்வொருவரும் வெளிவட்டத்தார் அனைவரையும் எதிர்கொண்டிருப்பார்கள். ஆண்கள் ஒரு வட்டம், பெண்கள் ஒரு வட்டம் என்று பிரிக்காமல் சீட்டுக் குலுக்கி நிறுத்துங்கள். அப்போதுதான் அது பெண் பார்க்கும் நிகழ்ச்சியாகத் திரியாமல், சகோதரரும் சகோதரிகளும் கூடும் இடமாக இருக்கும்.

இன்னொன்றையும் மனம் நொந்தே சொல்கிறேன். நம் சபைகளிலும் தெருவும் சாதியும் பார்த்து ஒதுங்கி நிற்கும் பழக்கம் முற்றிலும் போய்விடவில்லை. “இவரோடு ஆட மாட்டேன், இடம் மாற்றுங்கள்” என்று யார் கேட்டாலும், அவர் எவ்வளவு பெரிய வீட்டுப் பிள்ளையானாலும், வரிசையைக் குலைக்காதீர்கள். பறை வாசிக்கக் கலைஞர்களை அழைத்தால் உரிய ஊதியம் கொடுத்து, அதே பந்தியில் உடன் அமர்த்தி உணவு பரிமாறுங்கள். அதே சமயம், ஆட விருப்பமில்லாதவரை வற்புறுத்த வேண்டாம். பாடவும் தாளம் போடவும் ஆட்கள் தேவை.

வேலூர் வெயிலில் மே மாதம் இதற்கு ஏற்றதல்ல. பொங்கல் விடுமுறையில் ஒரு மாலை ஐந்தரை மணிக்குத் தொடங்குங்கள். களத்திலும் கழிப்பறை வழியிலும் நல்ல வெளிச்சம் இருக்கட்டும். படங்களையும் காணொளிகளையும் அனுமதியின்றி வாட்ஸ்அப்பில் பகிரக் கூடாது என்பதைத் தொடக்கத்திலேயே அறிவியுங்கள். ஏழு மணிக்கு ஆட்டத்தை நிறுத்தி, கடைசியாக எதிரெதிரே நின்றவர்களை அப்படியே அருகருகே அமர்த்திச் சுண்டலும் தேநீரும் கொடுங்கள். கோலைக் கீழே வைத்த பிறகுதான் பேச்சுத் தொடங்கும், அதற்கு அரைமணி நேரமாவது வேண்டும். எட்டு மணிக்குள் பிள்ளைகள் வீடு திரும்பும்படி, பெற்றோருக்கு நேரத்தை எழுதியே அனுப்பிவிடுங்கள்.