பைக் பின்னால் ஒரு குட்டி டிரெய்லர்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: தோட்டத்துக்குள் புல்கட்டு, பால் கேன் கொண்டுவர, 100 சிசி ஸ்பிளெண்டரில் இழுக்கும் சிறு டிரெய்லர் செய்யப் போகிறேன். டிராக்டரில் இருப்பதுபோல ஒரு தகடும் பின்னும் போதும் என்கிறார் பட்டறைக்காரர். போதுமா?
– வாசகர், தாராபுரம்

பதில்: போதாது. டிராக்டர் சாயாது, பைக் சாயும். திரும்பும்போது இடவலம், மேடுபள்ளத்தில் மேல்கீழ், பைக் சாயும்போது திருகல் என்று கொக்கி மூன்று விதமாக அசைய வேண்டும். முதல் இரண்டையும் பட்டறையில் கேட்காமலே வைத்துவிடுவார்கள். விட்டுப்போவது மூன்றாவதுதான். அது இல்லையென்றால் சைடு ஸ்டாண்டு போடும்போதே கொக்கி முறுக்கிக்கொள்ளும். வளைவிலோ, நீங்கள் சாய்க்கப் பார்ப்பீர்கள். டிரெய்லர் பைக்கை நிமிர்த்திப் பிடித்து நேராகத் தள்ளும்.

செலவில்லாத வழி இது. 25 மி.மீ. பிரைட் ராடு (வழவழப்பான உருண்டைக் கம்பி), அது உள்ளே தாராளமாகச் சுழலும் கனமான குழாய் 15 செ.மீ. வாங்குங்கள். குழாயை இழுவைத் தண்டின் முனையில் அடிப்பக்கமாக வெல்டு வையுங்கள். ராடின் பின்முனையில் மரை போட்டு வாஷர், காசில் நட் (தலையில் பள்ளம் வெட்டிய நட்), அது கழலாமல் ஸ்பிளிட் பின். குழாயின் நடுவில் கிரீஸ் நிப்பிள். வெல்டு சூட்டில் குழாய் நெளிந்து ராடைக் கவ்விக்கொள்ளும். அதனால் வெல்டை விட்டுவிட்டு வைத்து, ஆறியபின் உள்ளே ரீமர் (துளையைச் சீராக்கும் கருவி) விடச் சொல்லுங்கள். ராடின் முன்முனையில் யு வடிவத் தகடு, அதில் ஒரு சிறு இரும்புக் கட்டையைப் பிடிக்கும் 16 மி.மீ. குறுக்குப் போல்ட். அதே கட்டை பைக் பக்கத் தாங்கியில் 16 மி.மீ. நெட்டுக்குத்துப் பின்னில் திரும்பட்டும். போல்ட் 8.8 கிரேடு எனும் உறுதியான வகை, கம்பியை வெட்டிச் சொருகுவது வேண்டவே வேண்டாம். இந்தக் கட்டைக்குப் பதில் பழைய வேனின் புரொப்பல்லர் ஷாஃப்ட் கிராஸ் ஜாயின்ட்டும் உறுதியானதுதான். ஆனால் குறுகிய திருப்பத்தில் அதன் காதுகள் முட்டி நின்றுவிடும்.

தாங்கியைக் கேரியரில் மாட்டாதீர்கள். ஷாக் அப்சார்பரின் மேல் போல்ட், சேசிஸின் கீழ்ப்பகுதி என இருபுறமும் சேர்த்து நான்கு இடங்களில் கிளாம்ப் போட்டு, கொக்கி பின்சக்கர ஆக்சில் உயரத்துக்கு வரும்படி இறக்குங்கள். ஒன்றைக் கவனியுங்கள்: சில வண்டிகளில் பில்லியன் ஃபுட்ரெஸ்ட் ஸ்விங் ஆர்மில் (பின்சக்கரத்தைப் பிடித்து மேல்கீழ் அசையும் கை) இருக்கும். அதையும் சேசிஸையும் சேர்த்துக் கட்டினால் ஷாக் வேலையே செய்யாது. சேசிஸில் வெல்டு வைக்கவே கூடாது. அந்தக் குழாய் மெல்லியது.

எல்லாம் முடிந்ததும், பாரம் ஏற்றாமல், ஃபுட்ரெஸ்ட் தரையைத் தொடும்வரை பைக்கைக் கையால் இருபுறமும் சாய்த்துப் பாருங்கள். எங்கும் பிடிக்கக் கூடாது.

கேள்வி: எவ்வளவு பாரம் ஏற்றலாம்? பழைய மொபெட் சக்கரம் இரண்டு இருக்கிறது, போடலாமா?
– வாசகர், திண்டிவனம்

பதில்: பிரிட்டனில் பைக் டிரெய்லருக்கென்றே விதி உண்டு. பாரத்தோடு சேர்த்து 150 கிலோ அல்லது பைக் எடையில் மூன்றில் இரண்டு பங்கு, எது குறைவோ அதுதான் வரம்பு. அகலம் 1 மீட்டருக்குள். 112 கிலோ ஸ்பிளெண்டருக்கு அது சுமார் 74 கிலோ. அங்கே 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிக்குத்தான் அனுமதி என்பதையும் மறக்காதீர்கள். ஆகவே டிரெய்லர் 30, பாரம் 40, வேகம் 20 கி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மொபெட் சக்கரம் வேண்டாம். டிரெய்லர் வளைவில் சாயாது. பக்கவாட்டு விசை முழுவதும் ஸ்போக்கில் விழுந்து அது தளர்ந்துபோகும். காயலான் கடையில் ஆட்டோ சக்கரம் ஹப்போடு கேளுங்கள், 4.00-8 அளவு. பாரம் குறைவென்பதால் காற்று 15 முதல் 18 பிஎஸ்ஐ போதும். விறைப்பாக அடித்தால் காலி டிரெய்லர் பந்துபோலத் துள்ளும்.

பெட்டிச் சட்டத்துக்கு 25×25×2 மி.மீ. சதுரக் குழாய், 110×75 செ.மீ. தண்டுக்கு 40×40×2 மி.மீ.; கொக்கியிலிருந்து ஆக்சில்வரை 140 செ.மீ. தண்டை முன்சட்டத்தோடு நிறுத்திவிட்டால் சரியாக அந்த வெல்டு ஓரத்தில் விரிசல் விழும். பெட்டிக்கு அடியில் ஆக்சில்வரை ஓடவிடுங்கள். கொக்கிப் பின்னிலிருந்து ஆக்சிலின் இரு முனைகளுக்கும் டேப் பிடித்து, தூரம் சமமாக இருந்தால் மட்டும் முழு வெல்டு வையுங்கள்.

கேள்வி: செய்து முடித்துவிட்டேன். கொஞ்சம் வேகம் எடுத்தாலே பின்னால் வாலாட்டுகிறது.
– வாசகர், பொள்ளாச்சி

பதில்: பின்பாரம். மாட்டுவண்டி ஓட்டியவர்களுக்கு இது தெரியும். மொத்த எடையில் பத்தில் ஒரு பங்காவது கொக்கியில் இறங்க வேண்டும். 70 கிலோவுக்கு 7 கிலோ. தண்டை மட்டமாகப் பிடித்து, அதன் முனையைத் தராசில் வைத்துப் பாருங்கள். குறைந்தால் கேனை முன்னால் நகர்த்துங்கள். அப்போதும் போதவில்லை என்றால் ஆக்சிலைப் பெட்டி நடுவிலிருந்து 10 செ.மீ. பின்னால் தள்ளுங்கள். ஆட்டம் வந்தால் சட்டென்று பிரேக் பிடிக்காமல் ஆக்சிலரேட்டரை மெல்லக் குறையுங்கள். இறக்கத்தில் இரண்டாவது கியர். வளைவுக்கு முன்பே வேகம் குறையட்டும். வளைவுக்குள் பிரேக் பிடித்தால் பின்சக்கரத்தை டிரெய்லர் பக்கவாட்டில் தள்ளிவிடும். கொக்கி கழன்றாலும் தண்டு மண்ணில் குத்தாதபடி 6 மி.மீ. சங்கிலி ஒன்று அவசியம்.

கேள்வி: எக்ஸ்.எல். வண்டியில் இழுக்கலாமா? ரோட்டில் போகலாமா?
– வாசகர், செய்யாறு

பதில்: எக்ஸ்.எல். வேண்டாம். அதில் இருப்பது தானியங்கி கிளட்ச். பாரத்தோடு மெதுவாக ஏறும்போது வழுக்கிச் சூடாகித் தேய்ந்துவிடும். ரோட்டைப் பொறுத்தவரை, 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 61-வது பிரிவுப்படி டிரெய்லருக்கும் பதிவு வேண்டும். வீட்டில் செய்தது வரப்புக்குள்ளேயே ஓடட்டும்.