துளை போடும்போதே பிளக்கிற பேனா

கேள்வி: விசைத்தறியை மகனிடம் விட்டுவிட்டுப் பொழுதுபோக்காக மரம் கடைகிற ஒரு சின்ன லேத் வாங்கியிருக்கிறேன். கூடவே பேனா செய்கிற கிட். பாதிக் கட்டைகள் துளை போடும்போதே பிளக்கின்றன, மிச்சம் கடையும்போது சிம்பு சிம்பாகப் பிய்கின்றன. உளி சரியில்லையா, என் கை சரியில்லையா? இன்னொன்று, மைத்துனர் ஒரு செம்மரத் துண்டு தருகிறேன் என்கிறார். அதில் செய்தால் அழகாக இருக்குமா? - ஒரு வாசகர், நகரி

பதில்: செம்மரத்தை முதலில் பேசி முடித்துவிடுவோம். அழகாகத்தான் இருக்கும், ஆனாலும் வேண்டாம். சேஷாசலமும் அதையொட்டிய மலைகளும்தான் அந்த மரத்தின் சொந்த இடம், அரிய உயிரினங்களின் சர்வதேச வியாபாரத்தைக் கட்டுப்படுத்துகிற சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் 1995 முதல் இருக்கிறது, அதற்காக அந்தக் காட்டில் என்னென்ன நடந்தது, 2015 ஏப்ரலில் 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டது உட்பட, நகரிக்காரரான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பில்லும் வனத்துறை அனுமதியும் இல்லாத துண்டு பேனா அளவுதான் என்றாலும் துண்டுதான். மைத்துனர் கொடுத்தார் என்பது செக்போஸ்டில் செல்லாது.

சரி, உங்கள் லேத்துக்கு வருவோம். பிளப்பதற்கும் பிய்வதற்கும் பெரும்பாலும் காரணம் துளையும் ஒட்டும்தான், உளியும் கையும் அப்புறம்தான் வரும். ஆரம்பக்காரர்களுக்கு விற்கிற கிட் பெரும்பாலும் மரத்தைத் துளைத்து உள்ளே 7 மி.மீ. பித்தளைக் குழாய் போடுகிற ஒல்லிப் பேனாவாக இருக்கும், உங்களுடையதும் அதுதான் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். கட்டையைக் குழாயின் நீளத்துக்கே அறுத்து அடி வரை துளைத்தால், துளைக்கிற பிட் மறுபக்கம் வெளியே வருகிற நொடியில் அங்கே தாங்க மரம் இல்லாமல் பிளந்துவிடும். கட்டையை ஒரு விரல்கட்டை அளவு கூடுதலாக விட்டு அறுங்கள், மறுமுனைக்குக் கொஞ்சம் முன்னாலேயே துளையை நிறுத்துங்கள், அப்புறம் மூடியிருக்கிற அந்த முனையை ரம்பத்தால் அறுத்து எறியுங்கள். துளைக்கும்போது லேத் மெதுவாக ஓடட்டும், ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் பிட்டை வெளியே இழுத்துத் தூளைக் கொட்டுங்கள், ஏனென்றால் தூள் உள்ளேயே அடைத்துக்கொண்டால் சூடேறி, அந்தச் சூட்டிலேயே மரம் விரிசல் விடும். அவசரப்பட்டு அமுக்குகிறவருக்குத்தான் கட்டை அதிகம் செலவாகும்.

மரம் காய்ந்ததா என்றும் பாருங்கள். ஈர மரம் காயக் காயச் சுருங்கும், உள்ளே இருக்கிற பித்தளை சுருங்காது, அதனால் நன்றாக முடிந்த பேனாகூட ஒரு மாதம் கழித்து மேசை மேலேயே பிளந்து நிற்கும். கட்டையைச் சமையலறைத் தராசில் வாரம் ஒருமுறை நிறுத்துப் பாருங்கள், எடை குறைவது நின்ற பிறகு எடுத்தால் போதும்.

ஒட்டுவதில்தான் ஆட்கள் சோம்பல்படுகிறார்கள். குழாயின் வெளிப்புறத்தை உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்க வேண்டும், இரண்டு வாயையும் மெழுகுவர்த்தி மெழுகால் அடைக்க வேண்டும், ஆரல்டைட் மாதிரி இரண்டு கலவைப் பசையைத் தடவிச் சுற்றிச் சுற்றி உள்ளே தள்ள வேண்டும். பசை படாத இடத்தில் மரம் வெறும் மெல்லிய ஓடாக நிற்கும், உளி அங்கே வந்ததும் சில்லாகப் பறக்கும். நீங்கள் சொல்கிற சிம்புக்கு என் சந்தேகம் இதுதான். தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு, அதைக் கொஞ்சம் அசிட்டோனால் துடைத்துவிட்டு ஒட்டுங்கள்.

கட்டையை மாண்ட்ரலில், அதாவது லேத்தில் அதைத் தாங்கிச் சுழற்றுகிற கம்பியில், ஏற்றும்போது நட்டைக் கையால் இறுக்குகிற அளவே போதும். ஸ்பானர் போட்டோ, பின்பக்கத்து முனையை வைத்தோ அழுத்தினால் அந்த மெல்லிய கம்பி வளைந்து, பேனா ஒரு பக்கம் தடித்து ஒரு பக்கம் மெலிந்து வரும். உளி கூராக இருக்கிறதா என்பதைச் சுருளே சொல்லிவிடும்: நீளச் சுருளாக விழுந்தால் சீவுகிறது, மாவாக விழுந்தால் சுரண்டுகிறது. மாவு வந்தால் உடனே சாணைக்குப் போங்கள், பேனாவை அப்புறம் பார்க்கலாம். கடையும்போது வேகம் நிமிடத்துக்கு 2000 சுற்றுக்கு மேல் இருக்கலாம். உப்புத்தாள் 150-ல் தொடங்கி 220, 320, 400 என்று போங்கள், ஒவ்வொன்றுக்கும் நடுவில் லேத்தை நிறுத்தி மரத்தின் ரேகைப் போக்கில் ஒருமுறை தேய்த்தால் வட்டக் கீறல் மறையும்.

பழகுவதற்குப் புளி, வேம்பு, வாகை என்று வீட்டைச் சுற்றிக் கிடைக்கிற காய்ந்த கிளை போதும். தென்னங்கட்டை ஆரம்பத்தில் வேண்டாம், நார் நாராக எழும்பி உங்கள் பொறுமையைச் சோதிக்கும். ஆந்திராவில் ஏட்டிகொப்பாக்கா ஊர்ப் பொம்மைக்காரர்கள் இன்றைக்கும் வெட்பாலை மாதிரி மிருதுவான மரத்தில்தான் கடைகிறார்கள், சுழல்கிற மரத்தில் அரக்குக் கட்டியை அழுத்தி, உரசல் சூட்டில் அது உருகிப் பிடிக்க வைத்தே நிறம் ஏற்றுகிறார்கள். பழகிய பிறகு பேனாவிலும் அதை முயன்று பார்க்கலாம்.

தோளில் துண்டு, தொங்குகிற லுங்கி, கையுறை, இவற்றோடு லேத் முன்னால் நிற்காதீர்கள். முகக் கவசம் கண்டிப்பாக வேண்டும். பாலிஷ் தடவ டிஷ்யூ பேப்பர்தான், பழைய பனியன் துணி கூடாது: துணி சுற்றிக்கொண்டால் விரலையும் இழுக்கும், பேப்பர் கிழிந்துவிடும். ஃபெவிக்விக்கை மேல்பூச்சாகப் போடுகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும், பருத்தித் துணியில் அது பட்டால் சூடாகிப் புகையும்.

கேள்வி: லேத் வாங்க வசதியில்லை. கை டிரில்லை வைஸில் கட்டி ஓட்டலாமா? - ஒரு வாசகி, பள்ளிப்பட்டு

பதில்: ஓட்டலாம், மறுமுனைக்குத் தாங்கல் கொடுத்து, அரமும் உப்புத்தாளும் மட்டும் வைத்து. உளி வேண்டாம், பக்கவாட்டு அழுத்தத்துக்கு அந்த டிரில்லின் பேரிங் செய்யப்படவில்லை. அதைவிட, கட்டில் கால் கடைகிற கடைசல் பட்டறை பக்கத்தில் இருந்தால் ஒரு நாள் போய் நின்று பாருங்கள். உளியை எப்படிச் சாய்க்கிறார், உடம்பை எப்படி நகர்த்துகிறார் என்று பார்த்தால் நான் எழுதுவதைவிட அதிகம் விளங்கும். சும்மா நிற்காதீர்கள், டீ வாங்கிக் கொடுங்கள்.

கேள்வி: மரப் பேனாவில் நேராக இங்க் ஊற்றி எழுத முடியாதா? - ஒரு வாசகர், திருத்தணி

பதில்: மரம் இங்க்கைக் குடிக்கும், ஊறும், கசியும். அதனால்தான் ராஜமுந்திரி ரத்னம் பேனாவும் உங்கள் பக்கத்துத் திருவள்ளூர் ரங்கா பேனாவும் எபனைட் என்கிற கெட்டி ரப்பர் கம்பியைக் கடைந்து பேர் வாங்கின. மரம்தான் வேண்டும் என்றால் இங்க் கேட்ரிட்ஜில் இருக்கட்டும், மரம் வெளியே உடையாக இருக்கட்டும்.