பேஸ்பாலில் .400 சராசரி என்றால் என்ன, கடைசியாக எடுத்தது யார்?

கிரிக்கெட் சராசரியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், இங்கே ரன் கணக்கே கிடையாது. அடிக்க வந்த முறைகளில் (வாக், அதாவது நான்கு தவறான பந்துகளால் சும்மா முதல் பேஸ் கிடைத்தவை சேராது) எத்தனை ஹிட், அதாவது பந்தை அடித்துப் பத்திரமாகப் பேஸை எட்டியது, என்பதுதான். .400 என்றால் பத்துக்கு நான்கு ஹிட்; .300 எடுத்தாலே நல்ல ஆள். அமெரிக்காவின் இரண்டு பெரிய பேஸ்பால் லீக்குகளான அமெரிக்கன், நேஷனல் லீக்குகளில் கடைசியாக .400-ஐத் தாண்டியவர் பாஸ்டன் ரெட் சாக்ஸின் டெட் வில்லியம்ஸ், 1941-இல். சீசனின் கடைசி நாள் காலையில் அவர் கணக்கு 448-க்கு 179, அதாவது .39955, பேசாமல் உட்கார்ந்திருந்தால் அதை முழுமையாக்கி .400 என்றே எழுதியிருப்பார்கள். மனுஷன் பிலடெல்பியாவில் அன்றைக்கு நடந்த இரண்டு ஆட்டங்களிலும் இறங்கி, 8-க்கு 6 ஹிட் அடித்து .406-இல் முடித்தார். சரி, அந்த வருஷத்து மதிப்புமிக்க வீரர் விருது? .357 எடுத்த ஜோ டிமாஜியோவுக்குப் போனது, தொடர்ந்து 56 ஆட்டங்களில் ஹிட் அடித்திருந்தாரே! என்னைக் கேட்டால் வில்லியம்ஸுக்குத்தான் கொடுத்திருக்க வேண்டும்.