சனிக்கிழமை புகையாத வீடு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: யூதர்களைத் தண்டிக்கத்தான் ஸ்பெயினில் இன்க்விசிஷன் என்ற மத விசாரணை மன்றம் தொடங்கியது என்கிறேன் நான். அது யூதர்களை விசாரிக்கவே இல்லை என்று சாதிக்கிறார் நண்பர். எது சரி?
– வாசகர், பெரம்பூர்

பதில்: சட்டப்படி நண்பர் சொல்வதுதான் சரி. ஞானஸ்நானம் பெற்றவர்கள்மீது மட்டுமே அந்த மன்றத்துக்கு அதிகாரம் இருந்தது. அதில் சிக்கியவர்கள், மதம் மாறிய யூதர்களும் அவர்களுடைய வாரிசுகளும்.

அவர்கள் எப்படி மாறினார்கள் என்பதில்தான் உங்கள் பக்க நியாயம் இருக்கிறது. 1391 ஜூனில் செவில் நகரில் ஃபெர்ரான் மார்ட்டினெஸ் என்ற பாதிரியாரின் பிரசங்கங்கள் யூதர்களுக்கு எதிராக மூட்டிவிட்ட கலவரம் டொலேடோ, வாலென்சியா, பார்சிலோனா என்று பரவியது. மாறியவர் பிழைத்தார், மறுத்தவரில் பலர் செத்தார். பாப்பரசர் நான்காம் சிக்ஸ்டஸ் 1478-இல் விசாரணை மன்றத்துக்கு அனுமதி தந்தார். 1481 பிப்ரவரியில் செவிலில் முதல் ஆறு பேர் எரிக்கப்பட்டார்கள்.

மாறாமல் இருந்தவர்களுக்கு 1492 மார்ச் 31 அன்று ஆணை வந்தது: ஜூலை முடிவதற்குள் மாறு, இல்லையேல் வெளியேறு. சொத்தை விற்கலாம், பொன், வெள்ளி, நாணயம் எதையும் கொண்டுபோகக் கூடாது. அப்படியானால் விற்று என்ன பயன்? வீட்டைக் கொடுத்துக் கழுதையும், திராட்சைத் தோட்டத்தைக் கொடுத்துக் கொஞ்சம் துணியும் வாங்கிக்கொண்டு போனார்கள் என்று பெர்னால்டெஸ் என்ற பாதிரியார் எழுதிவைத்திருக்கிறார். அவர் யூதர்களுக்குப் பரிந்து பேசுகிறவரும் அல்ல.

கேள்வி: மிரட்டிக் கொடுத்த ஞானஸ்நானம் எப்படிச் செல்லும்?
– வாசகி, அண்ணா நகர்

பதில்: கட்டாயப்படுத்தக் கூடாது என்றுதான் திருச்சபைச் சட்டமும் சொன்னது. ஆனால் 633-இல் ஆயர்கள் கூடிய நான்காம் டொலேடோ சங்கம், ஏற்கெனவே கட்டாயத்தால் மாறியவர்கள் கிறிஸ்தவர்களாகவே நீடிக்க வேண்டும் என்று தீர்மானித்தது. 1201-இல் பாப்பரசர் மூன்றாம் இன்னொசென்ட் இன்னும் இறுக்கினார்: கடைசிவரை வாய்விட்டு மறுத்தவருக்கு மட்டுமே அது செல்லாது, சாவுக்குப் பயந்து தலையாட்டியவர் சம்மதித்தவர்தான். கடைசிவரை மறுத்தவர் உயிரோடு இருந்து முறையிட்டால்தானே இந்த விலக்கு உதவும்!

கேள்வி: வீட்டுக்குள் ரகசியமாக யூதராக வாழ்ந்தவரை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?
– வாசகர், திருவல்லிக்கேணி

பதில்: அடுக்களையிலிருந்து. அடையாளங்களின் பட்டியல் ஒன்றைத் தேவாலயத்தில் எல்லோரும் கேட்க வாசிப்பார்கள். யூதர்களின் ஓய்வு நாளான சனிக்கிழமை புகை வராத அடுப்பு. வெள்ளி மாலை ஏற்றிய விளக்கு, மாற்றிய துணி. இறைச்சியில் கொழுப்பை நீக்குவது, ரத்தம் போக உப்பிட்டுக் கழுவுவது. பன்றிக் கொழுப்பை விட்டு எண்ணெயில் சமைப்பது. சாகும் நேரத்தில் சுவர்ப்பக்கம் முகம் திருப்புவது. வேலைக்காரியும் பக்கத்து வீட்டாருமே சாட்சி. பன்றிக் கொழுப்பு பிடிக்காமல் எண்ணெய் ஊற்றியவரும் இதில் மாட்டலாம்.

முதலில் 30 அல்லது 40 நாள் சலுகைக் காலம் தருவார்கள். தானாக வந்து ஒப்புக்கொண்டால் தண்டனை குறைவு. ஆனால் கூட இருந்தவர்கள் யார் யார் என்றும் சொல்லியாக வேண்டும். ஒருவர் வாயிலிருந்து பத்துப் பெயர் வரும், வழக்குகள் பெருகும். கைதான அன்றே சொத்துக்கு முத்திரை விழும். சிறைச் சோற்றுச் செலவும் அதிலிருந்துதான். சாட்சி யார் என்று கைதிக்குச் சொல்லமாட்டார்கள். தன் எதிரிகளின் பெயர்களை அவரே பட்டியலிட்டுத் தரலாம். சாட்சியின் பெயர் அதில் இருந்தால் சாட்சியத்தின் வலு குறையும். இருட்டில் கல்லெறிகிற கதைதான்.

சித்திரவதையில் சொன்னதை மறுநாள் அந்த அறைக்கு வெளியே மறுபடி சொன்னால்தான் அது வாக்குமூலம். மறுத்தால் திரும்பவும் உள்ளே. மரண தண்டனையைத் திருச்சபை தன் கையால் நிறைவேற்றாது. அரசு அதிகாரிகளிடம் ஒப்படைத்துவிடும். குற்றவாளிக்கு அணிவித்த சன்பெனிட்டோ என்ற அவமான அங்கியைப் பிறகு ஊர்த் தேவாலயத்தில் பெயரோடு தொங்கவிடுவார்கள். பேரப்பிள்ளைகளுக்கும் தலைகுனிவு.

கேள்வி: லாயிட்ஸ் சாலை யூதக் கல்லறைக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?
– வாசகர், இராயப்பேட்டை

பதில்: உண்டு. 1497-இல் போர்ச்சுகலில் யூதர்களை வெளியேறக்கூட விடாமல் கூட்டம் கூட்டமாக மதம் மாற்றினார்கள். அங்கே 1536-இல் இன்க்விசிஷன் வந்தது. தப்பியவர்களின் வழிவந்தோர் ஆம்ஸ்டர்டாம், லண்டன், லிவோர்னோ நகரங்களில் வெளிப்படையாக யூதர்களாக வாழ்ந்தார்கள். மத்தியதரைக் கடல் பவளத்தைக் கொண்டுவந்து கோல்கொண்டா வைரம் வாங்க 17-ஆம் நூற்றாண்டில் சென்னைக்கு வந்தது இந்த வணிகர்கள்தான். மண்ணடிப் பவளக்காரத் தெரு அந்த வியாபாரத்தின் மிச்சம். அவர்களில் ஜாக் டி பைவா 1687-இல் இங்கே இறந்தார். மறு ஆண்டு அமைந்த சென்னை மாநகராட்சியில் யூத வணிகர்களுக்கும் இடம் இருந்தது. தங்கசாலைப் பக்கம் இருந்த பழைய கல்லறைக் கற்கள் பின்னால் இடம் மாறி லாயிட்ஸ் சாலைக்கு வந்தன.

கோவாவுக்கு ஏன் போகவில்லை என்று கேட்பீர்கள். போர்ச்சுகல் ஆண்ட அங்கேயும் 1560 முதல் இன்க்விசிஷன் இருந்தது. இந்திய மூலிகைகளைப் பற்றி எழுதி 1563-இல் கோவாவிலேயே அச்சிட்ட, மதம் மாறிய யூதக் குடும்பத்து மருத்துவர் கார்சியா த ஓர்ட்டா 1568-இல் இறந்தார். மறு ஆண்டு அவர் சகோதரி கேத்தரீனாவை எரித்தார்கள். 1580-இல் ஓர்ட்டாவின் எலும்புகளையும் தோண்டி எடுத்து எரித்தார்கள்.

கேள்வி: அன்று வெளியேற்றப்பட்ட யூதர்களின் வம்சாவளியினருக்கு ஸ்பெயின் குடியுரிமை தருகிறதாமே?
– வாசகி, அடையாறு

பதில்: 2015 சட்டத்தின்படி தந்தது. வம்சாவளிச் சான்று, ஸ்பானிய மொழித் தேர்வு, அரசியலமைப்பு–பண்பாட்டுத் தேர்வு எல்லாம் கேட்டார்கள். விண்ணப்பக் கெடு 2019-லேயே முடிந்துவிட்டது. இப்போது வாங்கித் தருவதாக யாராவது முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.